தவரணைக்கு வந்த இலையுதிர் காலம்

நமுனுகுல,
சனிக்கிழமை இரவு.

என் மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய ரஜீவன் மாமாவுக்கு,

உங்கள் மருமகள் சஜீவனி பணிவோடு எழுதுவது. முதலில் மற்றவர் நலத்தை விசாரிக்க வேண்டும், பிறகுதான் நம்முடைய நலத்தைச் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழக்கும்போது சொல்லித் தந்தார்கள். உங்கள் நலத்தையும், அத்தையின் முழங்கால் வலியையும், தம்பி ரமேஸின் படிப்பையும் நான் விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நலத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அம்மா தூங்குகிறார். அப்பா காவலுக்குப் போயிருக்கிறார். நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால் எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும். போனில் சொல்லலாம் என்றால், நான் "ஹலோ" சொல்வதற்குள் அம்மா அதைப் பிடுங்கி மிச்சத்தைத் தானே பேசிவிடுவார் என்பது உங்களுக்கே தெரியும். காலையில் ஷுக்ரி நானாவின் மரக்கறி லொறி மொனராகலைக்கு வருகிறது. இதை அவரிடம் கொடுத்துவிடுவேன். கையில் கிடைத்ததும் நீங்கள் தயவுசெய்து கிடைக்கிற பஸ்ஸில் ஏறி வாருங்கள். திங்கட்கிழமை காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு முன்னால் நீங்கள் இங்கே இல்லாவிட்டால் தேயிலைக் கன்று வளர்க்கிற தவரணையில் அப்பா பார்க்கிற காவல் வேலை போய்விடும். அந்த வேலை போனால் இந்த லயத்துக் காம்பராவையும் விட்டுப் போகச் சொல்வார்கள் என்று அம்மா மூன்று வேளையும் சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்கிறார்.

எல்லாம் ஒரு பெட்டிப் புத்தகத்தால் வந்தது. எல்ல ஊரில் வந்து தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா ஒருநாள் நம் தோட்டத்தையும் பார்க்க வந்து, தாய்மார் மலைக்குப் போன பிறகு சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற பிள்ளைக் காம்பராவை எட்டிப் பார்த்து, அங்கே ஒரு படப் புத்தகம்கூட இல்லை என்று கண்கலங்கிப் போனாராம். ஊருக்குப் போய் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் அனுப்பிவிட்டார். எல்லாம் இங்கிலீஸ், எல்லாம் இலையைப் பற்றியது. சிவப்பு இலை, மஞ்சள் இலை, காற்றில் பறக்கிற இலை, குவித்து வைத்த இலை, அந்தக் குவியலில் குதிக்கிற பிள்ளை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலை என்றால் உயிராக இருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பிள்ளைக் காம்பராவைப் பார்க்கிற வேலாயி அக்கா பெட்டியைத் திறந்து, "நாள் பூரா எலயப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு, இதுக்குள்ளயும் எலதானா" என்று சொல்லி மூடிவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீதான் பத்தாம் வகுப்புப் படிக்கிறியே, சனிக்கெழமைல வந்து இதுங்களுக்கு வாசிச்சுக் காட்டு. நான் அந்த நேரம் நிம்மதியா திரிபோஷா மாவு கிண்டிருவேன்" என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது மாமா. அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

போன சனிக்கிழமை முதல் புத்தகத்தை எடுத்தேன். ஒரு சிறுமி வாரியால் சிவப்பு இலைகளைக் கூட்டிக் குவிக்கிற படம். பிள்ளைகள் ஆசையாகப் பார்ப்பார்கள் என்று நினைத்துப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்தேன். முன்வரிசையில் இருந்த தனுஜாவுக்கு நாலு வயது. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அக்கா, இது பூராவும் முத்தல் எல" என்றாள். பக்கத்திலிருந்த குட்டி ஷெல்டன், "இப்புடி எடுத்தா கங்காணி ஏசுவாரு. மடுவத்துல நிறுக்க மாட்டாங்க" என்றான். இது தேயிலை இல்லை, சும்மா மரத்து இலை என்று சொன்னேன். "அப்ப என்னாத்துக்கு எடுக்குறா?" விளையாட்டுக்கு என்று சொன்னேன். "அந்தப் புள்ளைக்குப் பேர் போடுவாங்களா?" என்று ஷெல்டன் கேட்டான். வேலை செய்தால் அன்றைக்குப் பேர் போட வேண்டும், பேர் போட்டால்தான் சம்பளம் என்பது நம் பிள்ளைகளுக்குப் பால்குடி மறப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. போட மாட்டார்கள் என்று சொன்னேன். "பாவம்" என்றாள் தனுஜா. குவியலில் குதிக்கிற படம் வந்தபோது அவள் கண்ணைப் பொத்திக்கொண்டாள். கொழுந்தை மிதித்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அத்தோடு புத்தகத்தை மூடியிருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. அடுத்த பக்கத்தில் மரம் ஓர் இலைகூட இல்லாமல் நின்றது. மரத்துக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அந்த ஊரில் குளிர் வரும், குளிர் வந்தால் மரம் இலையெல்லாம் உதிர்த்துவிடும் என்று சொன்னேன். "குளிருச்சுன்னா கம்பளி போத்தணும். இது என்னா எல்லாத்தையும் அவுத்துப் போடுது, லூசா அக்கா?" என்றான் ஷெல்டன். அந்தக் கேள்விக்கு எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் பதில் இருக்கும். எனக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். மரம் தூங்கப் போகிறது, இலை இருந்தால் அதற்குத் தூக்கம் வராது, அதனால்தான் உதிர்க்கிறது என்று சொன்னேன். அவர்கள் நம்பாமல் பார்த்ததால், மொனராகலையில் என் மாமாவின் றப்பர் மரங்களும் அப்படித்தான் சிவந்து கொட்டிவிட்டுத் தூங்கும் என்று, நீங்கள் போன வருஷம் அனுப்பிய போட்டோவைப் பற்றியும் சொன்னேன். "மரம் தூங்குறப்ப ஒங்க மாமாவும் தூங்குவாரா?" என்று கேட்டார்கள். பால் வெட்டு இருக்காது, அதனால் கொஞ்சம் தூங்குவார் என்று சொன்னேன். நீங்கள் கோபிக்கக் கூடாது. அதைச் சொன்ன பிறகுதான் அவர்கள் முழுதாக நம்பினார்கள்.

அப்போது தனுஜா மெதுவாகக் கேட்டாள்: "நம்ம தேயிலை எப்ப அக்கா தூங்கும்?"

நான் வெளியே பார்த்தேன். மலை எப்போதும் போல் பச்சையாகத்தான் இருந்தது. "எங்க தூங்குறது? வாராவாரம் கொழுந்து எடுக்கணுமே, தூங்க விட மாட்டாங்க" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன் மாமா. தனுஜாவின் உதடு பிதுங்கியது, பிறகு அவள் அழுதாள், அவளைப் பார்த்து மற்றதுகளும் அழுதன. வேலாயி அக்கா கரண்டியோடு ஓடிவந்து, "வாசிக்கச் சொன்னா ஒப்பாரி வைக்கச் சொல்லிக் குடுக்குறியா?" என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை தவரணையில் இரண்டு பாத்திக் கன்றுகள் மொட்டையாக நின்றன. அடுத்த மழைக்கு மலையில் நடுவதற்கென்று பொலித்தீன் பைகளில் வளர்த்துவந்த தேயிலைக் கன்றுகள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது லயமே அங்கேதான் நின்றது. ஒவ்வொரு கன்றும் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நின்றது. மலைக்குப் பொறுப்பான விஜேந்திரன் ஐயா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பாத்திக்கு நடுவில் நடந்தார். அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

"கொரங்குங்கய்யா" என்றார் அப்பா.

ஐயா குனிந்து பார்த்தார். பாத்தியின் ஓரத்தில் ஈரச் சாக்கின் மேல் கொழுந்து ஒரு குவியலாகவும், நிழலில் முத்தல் இன்னொரு குவியலாகவும் இருந்தன. "கொரங்கு கொழுந்தத் தனியா முத்தலத் தனியா பிரிச்சு வைக்குமா மத்தேயு?"

"தோட்டத்துக் கொரங்குங்கய்யா. பாத்துப் பாத்துப் பழகியிருக்கும்."

"வெயில் படாம சாக்கு வேற நனைச்சுப் போட்டிருக்கு."

"வெவரமான கொரங்கா இருக்கும்ங்கய்யா."

"அப்ப நாளைக்கு அதையும் பெரட்டுக்குக் கூட்டிட்டு வா. ஆள் பத்தாமத்தான் கெடக்கு" என்று சொல்லிவிட்டு ஐயா போனார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்று, திங்கட்கிழமை பெரட்டில் தோட்டத்துத் துரை நேரே வந்து விசாரிப்பார், அதற்குள் யார் செய்தது என்று சொல்ல வேண்டும், சொல்ல முடியாத காவல்காரன் தோட்டத்துக்குத் தேவையில்லை என்றார். அன்றிலிருந்து அப்பா பகல் காவல் முடிந்த பிறகு இரவிலும் கவணையும் பெரிய டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு தவரணைக்குப் போய்விடுகிறார். சாப்பிடும்போது என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. குரங்கைப் பற்றியே யோசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா குரங்கையும் திட்டுகிறார், அப்பாவையும் திட்டுகிறார், இடையில் மாதாவிடமும் முறையிடுகிறார். யாருக்கு எந்தத் திட்டு என்று எங்களுக்குப் பிரித்தெடுக்கத் தெரியவில்லை.

மாமா, சத்தியமாக எனக்கு இன்று காலைவரை ஒன்றும் தெரியாது. போன வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் தனுஜா ஓடிவந்து வாயில் விரலை வைத்து, "சத்தம் போடாதீங்க அக்கா, எல்லாம் தூங்குது" என்றாள். எது தூங்குகிறது என்று கேட்டேன். என் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய் வேலிக்கு அப்பால் தவரணையைக் காட்டினாள். "பெரிய தேயிலைக்கு எங்களுக்கு எட்டாது. அதுனால சின்னதத் தூங்க வச்சோம்" என்றான் ஷெல்டன். அவன் முகத்தில் இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் அங்கேயே தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் நானும் தூங்கப் போகிறேன் என்று நினைத்து என் ரிப்பனைக் கழற்றத் தொடங்கினார்கள்.

தெளிந்ததும் நான் செய்த முதல் வேலை, இது ரகசியம், யாரிடமும் சொல்லக் கூடாது என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கியது. அதுவும் தப்பாகப் போய்விட்டது. மத்தியானம் அம்மாவோடு தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனபோது ஷெல்டன் அங்கே வாளி மேல் ஏறி நின்று, "எங்ககிட்ட ஒரு ரகசியம் இருக்கு. தவரணைய பத்தி. சொல்ல மாட்டோம்" என்று தண்ணீருக்கு நின்ற எல்லாருக்கும் அறிவித்துக்கொண்டிருந்தான். நல்லவேளை, பீலிச் சத்தத்தில் அம்மாவுக்குப் பாதிதான் கேட்டது. நான் அவனை ஓரமாக இழுத்துப் போய், சொன்னால் எங்கள் அப்பாவுக்கு வேலை போய்விடும் என்று கெஞ்சினேன். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, "கோந்து இருக்கு அக்கா. ஒட்டிரலாமா?" என்றான். ஒட்ட முடியாது என்றேன். "அப்பச் சரி. நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம். திங்கக்கெழம பெரட்டுல தொரைகிட்ட மட்டுந்தான் சொல்லுவோம்" என்றான். எதற்கு என்று கேட்டேன். "பேர் கேக்க. ரெண்டு பாத்தி முடிச்சிருக்கோம்ல. அந்த வெள்ளக்காரப் புள்ள மாதிரி சும்மா எடுக்க நாங்க என்ன லூசா?"

இதுதான் மாமா நிலைமை. திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் துரை நிற்பார், ஐயா நிற்பார், அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குரங்கு என்று சொல்லுவார், அந்த நேரம் பிள்ளைக் காம்பராவிலிருந்து ஒரு கூட்டம் மூக்கொழுகிக்கொண்டு வந்து, நாங்கள்தான் செய்தோம், சஜீவனி அக்கா சொன்னாள், பேர் போடுங்கள் என்று நிற்கும். காவல்காரன் மகளே சொல்லிக்கொடுத்து, காவல்காரன் கண்ணுக்கு முன்னால் பால்குடிப் பிள்ளைகள் புகுந்து பாத்தியை மொட்டையடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று ஆகும். வேலியில் எந்த இடத்தில் புகுந்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கேட்டால் "கதவால" என்கிறார்கள். கதவுக்குப் பூட்டு இருக்கிறது, சாவி அப்பாவின் இடுப்பில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் சொல்வதை எப்படி நம்புவது?

அப்பாவிடம் நானே சொல்ல எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன். அவர் கவணுக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து எடுத்தார். வராத குரங்குக்கு இப்படிப் பார்த்துப் பார்த்துக் கல் பொறுக்குகிற மனுஷனிடம் என்னவென்று சொல்லுவது? அவர் அடிக்க மாட்டார், ஏசவும் மாட்டார். பேசாமல் இருந்துவிடுவார். எனக்கு அதுதான் பயம். நீங்கள் வந்து சொன்னால் அப்பா கேட்பார். குரங்கு இல்லை, பிள்ளைகள்தான், பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொன்னது சஜீவனி, அவளை மன்னித்துவிடுங்கள், பெரட்டுக்கு முன்னாலேயே போய் ஐயாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். அம்மாவிடம் அதற்கும் பிறகு சொல்லலாம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது, நீங்கள் அம்மாவோடு பிறந்தவர், உங்களுக்கு ஏதாவது வழி தெரிந்திருக்கும்.

அந்தப் பெட்டியில் இன்னும் வாசிக்காத புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்றில் அணில் கொட்டைகளையெல்லாம் மண்ணில் புதைக்கிறது. அதை வேலாயி அக்காவின் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டேன்.

அத்தைக்கு என் வணக்கத்தையும், தம்பிக்கு ஒரு முத்தத்தையும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் எல்லாரும் நல்ல தூக்கம் தூங்கி எழும்ப வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக்காக நீங்கள் வேண்டிக்கொள்ளுங்கள், நான் வேண்டினால் கேட்குமா என்று இந்த வாரம் சந்தேகமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பாவப்பட்ட மருமகள்
சஜீவனி

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதில் அப்பாவிடம் சொல்லச் சொன்ன எதையும் சொல்ல வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது அப்பா வந்துவிட்டார். ஒளிக்க நேரமில்லை. "யாருக்கும்மா?" என்றார். உங்களுக்கு என்றேன். அப்பா அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "நல்லதாப் போச்சு. மச்சானுக்கு நானும் ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். நான் சொல்றத அப்புடியே எழுது. ஒங்கம்மாவுக்குத் தெரியக் கூடாது" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மச்சான், கதவத் தொறந்து விட்டது நாந்தான். புதன்கெழம காலையில வேலாயிக்குத் தெரியாம புள்ளைங்க வரிசையா வந்து நின்னிச்சுங்க. என்னான்னு கேட்டேன். செடியத் தூங்க வைக்கணும், எல இருந்தா அதுக்குத் தூக்கம் வராதுன்னு சஜீவனி அக்கா புஸ்தகத்துல வாசிச்சுச்சுன்னு சொன்னிச்சுங்க. நான் இத்தன வருசமா தவரணையில கெடக்கேன், எனக்கு அப்புடி ஒண்ணும் தெரியாது. ஆனா எம் மக படிச்ச புள்ள. அது சொன்னா சரியாத்தான் இருக்கும்னு தொறந்து விட்டேன். ஒரு பாத்தி முடிஞ்சப்ப எனக்குக் கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது பாத்தியில புள்ளைங்களுக்குக் கை வலிச்சிருச்சு, அதுனால நானும் கூடச் சேந்து எடுத்தேன். சாக்க நனைச்சுப் போட்டதும் நாந்தான். பழக்கம், கை சும்மா இருக்கல. பொறவு ஐயா வந்து கேட்டப்ப எம் மக பேரு வந்துருமேன்னு கொரங்குன்னு சொல்லிட்டேன். ராத்திரி காவலுக்குப் போறது கொரங்குக்கு இல்ல. வீட்டுல இருந்தா அது மொகத்தப் பாக்கணும்."

இவ்வளவு சொல்லிவிட்டு, நாளைக்குச் சாயங்காலமே ஐயாவின் வீட்டுக்குப் போய்த் தானே உண்மையைச் சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். என் பேரைச் சொல்ல மாட்டாராம். பிறகு அந்தப் புத்தகத்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். மொட்டை மரத்தின் படத்தை டோர்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார். "திரும்ப எல வருதா இதுக்கு?" என்றார். வருகிறது அப்பா என்றேன். "எத்தன நாள்ல?" என்றார்.

அது அடுத்த பக்கத்தில் வருகிறது மாமா. ஒரு தாளைத் திருப்பினால் போதும், மரம் முழுக்கப் பச்சை. நடுவில் எத்தனை நாள் என்று அந்தப் புத்தகத்தில் போடவில்லை. தேயிலைக் கன்றுக்கு எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் நான் வாசித்ததில்லை. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சீக்கிரம் வரும்ப்பா" என்றேன்.

"அப்பச் சரி. ஐயாகிட்ட அதையும் சொல்லிடுறேன்" என்று எழும்பிப் போய்ப் படுத்தார். புதன்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் அப்பா குறட்டை விடுவது கேட்கிறது. நீங்கள் வருவதென்றால் அப்பாவிடம் பேச வர வேண்டாம். இலையெல்லாம் எடுத்த கன்று எத்தனை நாளில் துளிர்க்கும் என்று சரியாகத் தெரிந்த ஓர் ஆளை மட்டும், அப்பா சாயங்காலம் ஐயா வீட்டுக்குப் போவதற்கு முன்னால், எப்படியாவது கூட்டிக்கொண்டு வாருங்கள்.